ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் கிளாஸுக்கு கேம் செய்ய எந்த டூல் நல்லாருக்கு? ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் டிரேடுக்கு பாடம் எடுக்குறேன், பதினோரு வருஷம் ஆச்சு. கேம் மாதிரி பாடம் நடத்துறதுக்குன்னு இப்ப ஏகப்பட்ட ஆப்பு, வெப்சைட்டு வந்திருக்கு, எது நல்லாருக்குன்னு தேடுனா வர்ற ரிவ்யூ எல்லாமே ஸ்கூல் டீச்சருங்க எழுதுனது. ஆறாவது சயின்ஸுக்கும் எட்டாவது இங்கிலீஷுக்கும் அதெல்லாம் சரிதான், ஆனா நாளைக்கு 415 வோல்ட் பேனல தொறக்கப்போற பசங்களுக்கு எது உதவும்னு எழுதுனவங்கள நான் பாக்கல. அதனால நானே ஒவ்வொண்ணா எடுத்து கிளாஸ்ல ஓட்டிப் பாத்ததை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மொதல்ல எங்க கிளாஸ் எப்டின்னு சொல்லிடுறேன், அது தெரியாம நான் சொல்றது புரியாது. ஒரு யூனிட்டுக்கு 20 பேரு, ரெண்டு வருஷ கோர்ஸ். பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளின்னு எல்லாப் பக்கத்துலேருந்தும் பஸ் புடிச்சு வர்றாங்க. வேப்பனப்பள்ளி பக்கத்துப் பசங்களுக்கு வீட்ல தெலுங்கு, தேன்கனிக்கோட்டைலேருந்து வந்து ரூம் எடுத்து தங்கியிருக்குற ரெண்டு பேருக்கு வீட்ல கன்னடம், கிளாஸ்ல தமிழ், புக்குல பாதி இங்கிலீஷ். 20 பேருல 13 பேர்கிட்டதான் சொந்தமா ஸ்மார்ட்போன் இருக்கு, அதுலயும் நாலஞ்சு பேருக்கு மாசக் கடைசில டேட்டா இருக்காது. லேப்ல ஆறு கம்ப்யூட்டர். நல்லா மழ புடிச்சா நெட்டு போயிடும். இதுக்குள்ள ஓடுறதுதான் எனக்கு நல்ல டூல், மத்ததெல்லாம் பாக்க எவ்ளோ அழகா இருந்தாலும் எனக்கு உதவாது.

இன்னொண்ணு. ஐ.டி.ஐ. தியரி பரீட்சை இப்ப கம்ப்யூட்டர்ல சாய்ஸ் கேள்வியா வருது, மத்திய அரசோட பாரத் ஸ்கில்ஸ் தளத்துல கேள்வி வங்கியே போட்டிருக்காங்க, ஐ.டி.ஐ. பாடப் புத்தகம் தயார் பண்ற, சென்னை கிண்டில இருக்குற நிமி நிறுவனம் போடுற புக்குலயும் கேள்வி இருக்கு, தமிழ்லயும் கெடைக்குது. அதனால கேம்னு சொன்னதும் எல்லாரும் க்விஸ் ஆப்புக்குத்தான் போறாங்க, நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். ஆனா எங்க பசங்க ஓசூர்ல கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனா அங்க நாலு சாய்ஸ் குடுத்து கேக்க மாட்டாங்க, ஒரு ஸ்டார்ட்டர் பேனல முன்னாடி வச்சு "இது ஓடல, ஏன்னு பாரு"ம்பாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் நான் இந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்ட விஷயம்.

கஹூட்ட எல்லாருக்கும் தெரியும், நார்வேக்காரங்க 2013ல வெளிய விட்டது. பெரிய ஸ்கிரீன்ல கேள்வி வரும், பசங்க போன்ல நாலு கலர்ல ஒண்ண அமுக்கணும். சரியா சொன்னா அதிகபட்சம் 1000 புள்ளி, எவ்ளோ சீக்கிரம் அமுக்குறோமோ அவ்ளோ அதிகம், கடைசி நொடில சரியா சொன்னா பாதிதான் கெடைக்கும். ரெசிஸ்டர் கலர் கோடுக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. பிரவுன், பிளாக், ரெட், கோல்டுன்னு படத்தப் போட்டா ரெண்டாவது வாரத்துலயே பசங்க யோசிக்காம "ஒரு கிலோ ஓம், அஞ்சு பர்சன்ட்"னு கத்துறாங்க. சர்க்யூட் சிம்பல், ஒயர் சைஸ், எந்தத் தீக்கு எந்த சிலிண்டர், இதுக்கெல்லாமும் அருமையா இருக்கு. பாத்த உடனே ஞாபகம் வரவேண்டிய விஷயத்துக்கு வேகத்துக்குப் புள்ளி குடுக்குறது நல்லதுதான்.

ஆனா ஒரு நாள் சேஃப்டி பாடத்துக்கும் அதையே போட்டுட்டேன். "கூட வேல செய்றவருக்கு ஷாக் அடிச்சிருக்கு, மொதல்ல என்ன செய்வே?" இதுதான் கேள்வி. மெயின ஆஃப் பண்ணுறது, கையப் புடிச்சு இழுக்குறது, நெஞ்ச அமுக்குறது, 108க்கு போன் போடுறது, இந்த நாலும் சாய்ஸு. கிளாஸ்ல நல்லா படிக்கிற பையன், மொத எடத்துல இருக்கான், எடத்த விடக்கூடாதுன்னு ஒரே செகண்டுல அமுக்குனான், கையப் புடிச்சு இழுக்குறதத்தான் அமுக்குனான். அவனுக்கு பதில் தெரியும், அப்புறம் கேட்டப்ப ஒழுங்கா சொன்னான். "சார், அவசரத்துல அமுக்கிட்டேன்"னான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நெஜத்துலயும் அவசரத்துலதானே அந்தக் கைய நீட்டுவான்? தப்பு டூலோடது இல்ல, அந்தக் கேள்விய அதுல வச்சது என் தப்பு. புள்ளியே இல்லாமலும் கேள்விய வைக்கலாம், நேரத்தையும் கூட்டி வைக்கலாம், அந்த செட்டிங்லாம் இருக்கு. ஆனா அன்னிலேருந்து ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன், உசுரு சம்பந்தப்பட்ட எதையும் வேகத்துக்குப் புள்ளி குடுக்குற கேம்ல வைக்க மாட்டேன்.

தமிழ்ல கேள்வி போடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். கஹூட்ல கேள்விக்கு 120 எழுத்து, பதிலுக்கு 75 எழுத்துன்னு ஒரு அளவு இருக்கு. நம்ம கண்ணுக்கு "மின்னோட்டம்"னா ஆறு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்குல பதினொண்ணு, ஏன்னா புள்ளி, கொம்பு, காலு எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணுது. அதனால இங்கிலீஷ்ல ரெண்டு வரி கேக்குறத தமிழ்ல ஒரு வரில முடிச்சாகணும், மிச்சத்த படத்துல எழுதி படமா போட்டுடுங்க, நான் அப்டித்தான் பண்றேன்.

க்விஸிஸ்னு ஒண்ணு இருக்கு, 2015ல பெங்களூர்ல ஆரம்பிச்சது, 2025ல பேர வேகிரவுண்டுன்னு மாத்திட்டாங்க. இதுல கேள்வி அவங்கவங்க போன்லயே வரும், அவங்கவங்க வேகத்துல போலாம், டைமர ஆஃப் பண்ணிடலாம், வீட்டுப்பாடமாவும் குடுக்கலாம். பரீட்சைக்குத் தயார் பண்ண எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. மெதுவா படிக்கிற பசங்க, குறிப்பா வீட்ல வேற பாஷ பேசுற பசங்க, இதுல மூச்சு விட்டு யோசிக்கிறாங்க. இதுக்கு மேல இதப்பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, நல்ல டூலு, போன் இருக்குறவங்களுக்கு.

போன் இல்லாத அந்த ஏழு பேருக்கு என்ன வழி? நான் ரொம்ப நாள் பக்கத்துல இருக்குறவனோட சேந்து வெளையாடுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அது சரியில்லன்னு எனக்கே தெரியும், போன் யார் கைல இருக்கோ அவன்தான் அமுக்குறான், மத்தவன் வேடிக்க பாக்குறான். அப்பத்தான் பிளிக்கர்ஸ் கெடைச்சது. இதுக்கு ஒரே ஒரு போன் போதும், அதுவும் வாத்தியாரோடது. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு அட்டை, அதுல கறுப்பா ஒரு கட்டம் மாதிரி வடிவம், ஒவ்வொரு அட்டைலயும் வடிவம் வேற. நாலு பக்கத்துலயும் சின்னதா ஏ, பி, சி, டின்னு இருக்கும். பதில் பி-ன்னா பி மேல வர்ற மாதிரி திருப்பி தூக்கிப் புடிக்கணும், நான் நின்ன எடத்துலேருந்து கேமராவ கிளாஸ் முழுக்க ஒரு சுத்து காட்டுனா யாரு என்ன சொன்னாங்கன்னு வந்துடும். பக்கத்து ஆளப் பாத்து திருப்புனாலும் பிரயோஜனம் இல்ல, ரெண்டு பேரு அட்டையும் வேற வேற. அட்டைய பிரவுசர்லேருந்து எடுத்து வெள்ளத்தாள்ல பிரிண்ட் போட்டு பழைய காலண்டர் அட்டைல ஒட்டுனேன், 20 பேருக்கும் சேத்து நூறு ரூவா கூட ஆகல. லேமினேஷன் மட்டும் பண்ணாதீங்க, டியூப்லைட் வெளிச்சம் அதுல பட்டு மின்னுனா கேமரா படிக்காது.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, பசங்க பேரு ஸ்கிரீன்ல ஏறி எறங்குறதில்ல. யாரு தப்பு சொன்னான்னு எனக்கு மட்டும் தெரியும். வாயே தொறக்காத ஒரு பொண்ணு இருந்துச்சு, அதுவரைக்கும் எழுந்து பதில் சொன்னதே இல்ல, பிளிக்கர்ஸ் போட்ட மொத மாசத்துல தெரிஞ்சது எர்த்திங் பாடத்துல அந்தப் பொண்ணுதான் கிளாஸ்லயே சரியா சொல்லுதுன்னு. அதுக்கப்புறம் மெகர்ங்கிற மீட்டர வச்சு டெஸ்ட் எடுக்குறப்ப அந்தப் பொண்ணத்தான் மொதல்ல கூப்புடுறேன்.

நடுவுல ஒரு தடவ காசு போட்டும் பாத்தேன். பேரு வேணாம். கேம் மாதிரி பாடம் செய்யலாம்னு விளம்பரம் பாத்து ஒரு வெளிநாட்டு சைட்ல மாச சந்தா கட்டுனேன், டாலர்ல. டெம்பிளேட் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, தமிழ்ல டைப் பண்ணி பாத்தா "கொ" ஒழுங்கா வரல, கொம்பு ஒரு பக்கம் "க" ஒரு பக்கம் தனியா நிக்குது, "மோட்டார்" படிக்கவே முடியல. கேன்சல் பண்ணப் போனா அடுத்த மாசக் காசையும் எடுத்துட்டாங்க. எந்த டூலா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி "கொ, கோ, கௌ, ஸ்ரீ" நாலையும் டைப் பண்ணிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேல.

இப்ப நான் எழுத வந்த மெயின் விஷயத்துக்கு வர்றேன். எச்5பின்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம், அதுவும் நார்வேக்காரங்க ஆரம்பிச்சதுதான். வீடியோ நடுவுல கேள்வி வைக்கலாம், படத்துல தப்பு எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டச் சொல்லலாம், பேர இழுத்துக் கொண்டுபோய் சரியான எடத்துல வைக்கச் சொல்லலாம், வரிசை மாறிக் கெடக்குற வரிகள சரியா அடுக்கச் சொல்லலாம். இத நம்ம கம்ப்யூட்டர்லயே செய்றதுக்கு லூமின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும். மொத தடவ மட்டும் நெட் வேணும், எந்த வகை வேணுமோ அத எறக்கி வச்சுக்கணும், அப்புறம் நெட்டே இல்லாம வேல செய்யலாம். செஞ்சு முடிச்சத ஒரே ஒரு எச்.டி.எம்.எல். ஃபைலா வெளிய எடுக்கலாம், அத பென் டிரைவ்ல போட்டு லேப் கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் ஓடும், வாட்ஸப்ல டாக்குமென்டா அனுப்பி போன் பிரவுசர்ல தொறந்தாலும் ஓடும். லாகின் கெடையாது, விளம்பரம் கெடையாது, மழ பெஞ்சாலும் கவல கெடையாது. இது ஒண்ணுக்கே எங்கள மாதிரி எடத்துக்கு நான் இதத்தான் மொதல்ல சொல்வேன்.

அதுல "பிராஞ்சிங் சினாரியோ"ன்னு ஒரு வகை இருக்கு. ஒரு நெலமைய காட்டி என்ன செய்வேன்னு கேக்கும், நீ எத எடுக்குறியோ அந்த வழில கத போகும். நான் செஞ்சத அப்டியே சொல்றேன். காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மாந்தோப்பு, தோப்புக்காரர் போன் பண்றாரு, "தம்பி, மோட்டார் பட்டன அமுக்குனா உம்முனு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது, செடிக்கு தண்ணி விட்டு மூணு நாள் ஆச்சு, சீக்கிரம் வாப்பா". குரல் எங்க மாமாவோடது, நெஜமாவே தோப்பு வச்சிருக்குறவரு, அவரயே பேச வச்சு ரெக்கார்டு பண்ணேன். அப்புறம் எங்க லேப் மோட்டார் வீடியோ. மோட்டாருக்கு ஆர், ஒய், பி-ன்னு மூணு ஃபேஸ் சப்ளை, அத சேத்துவிடுற கான்டாக்டர்ங்கிற சுவிட்சோட காயிலுக்கு ஆர், ஒய் ரெண்டு ஃபேஸ்லேருந்து சப்ளை போகுது, அதனால பி ஃபேஸ் ஃபியூஸ் கேரியர மட்டும் எடுத்து வச்சிட்டு ஸ்டார்ட் அமுக்குனோம், கான்டாக்டர் டக்குனு இழுத்துச்சு, மோட்டார் உறுமுச்சு, ரெண்டே செகண்டுல ஆஃப் பண்ணிட்டோம். அந்த உறுமல் சத்தத்த ஒரு தடவ காதுல வாங்குன பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான், புக்குல எத்தன பக்கம் எழுதுனாலும் அந்தச் சத்தம் வராது.

இப்ப என்ன செய்வே? "இன்னொரு தடவ ஸ்டார்ட் அமுக்கிப் பாப்பேன்"னு போனா மறுபடி உறுமுது, மூணாவது தடவ அமுக்குனா பொகை. அங்க ஒரு போட்டோ வரும், ரவுண்டானா பக்கத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ரீவைண்டிங் கடைல கேட்டு வாங்கி எடுத்தது, ஒரு ஃபேஸ் போயி ஓடி எரிஞ்ச ஸ்டார் கனெக்ஷன் மோட்டார், ரெண்டு ஃபேஸ் வைண்டிங் கரிக்கட்டையா இருக்கு, மூணாவது புதுசு மாதிரி அப்டியே இருக்கு. அந்தப் போட்டோவ கிளாஸ்ல ஸ்கிரீன்ல போட்டு "ஏன் ரெண்டு மட்டும் எரிஞ்சுது, டெல்டாவா இருந்திருந்தா எத்தன எரிஞ்சிருக்கும்?"னு கேட்டேன் (ஸ்டார், டெல்டா ரெண்டும் மோட்டாரோட மூணு வைண்டிங்க சேக்குற ரெண்டு விதம்), அன்னிக்கு பீரியட் முடிஞ்சும் யாரும் எழுந்திரிக்கல. கடைசில ஒரு பையன் போர்டுல வந்து வரைஞ்சு ஒண்ணுதான் எரியும்னு காட்டுனான்.

"மெயின ஆஃப் பண்ணிட்டு பாப்பேன்"னு போனா அடுத்த கேள்வி, சப்ளை இல்லன்னு எப்டி உறுதி பண்ணுவே? இங்கதான் பாதிப் பேரு விழுறாங்க. ரெண்டு பல்ப சீரிஸ்ல போட்ட டெஸ்ட் லேம்ப எடுத்து நேரா ஸ்டார்ட்டர்ல வச்சு எரியல, அதனால சப்ளை இல்லன்னு முடிவு பண்ணிடுறாங்க. மொதல்ல சப்ளை இருக்குற ஒரு எடத்துல வச்சு எரியுதான்னு பாக்கணும், அப்புறம் வேல செய்ற எடத்துல, அப்புறம் மறுபடி சப்ளை இருக்குற எடத்துல, இந்த மூணு ஸ்டெப்பும் போனாத்தான் கேம் அடுத்த கதவத் தொறக்கும். பல்பு பீசாகியிருந்தா? அதுக்கு ஒரு கெள, அதாவது கதைல தனி வழி, போட்டிருக்கேன், அங்க போனா ஸ்கிரீன் கறுப்பாகும், வேற ஒண்ணும் வராது, அஞ்சு செகண்டு சத்தமே இருக்காது. அத வேணும்னுதான் அப்டி வச்சேன்.

கடைசியா ஃபியூஸ் உருகியிருக்குன்னு கண்டுபுடிச்ச உடனே தோப்புக்காரர் சொல்வாரு, "தம்பி, இது அடிக்கடி போகுது, நல்லா தடியா காப்பர் கம்பிய நாலு முறுக்கு முறுக்கிப் போட்டுடு". நம்ம ஊர்ல எந்தத் தோப்புக்குப் போனாலும் கேக்குற வார்த்த இது. சரின்னு போட்டா மோட்டார் ஓடும், அவரு சந்தோஷமா எளனி வெட்டிக் குடுப்பாரு, "மூணு மாசம் கழிச்சு"ன்னு ஒரு ஸ்லைடு, திரும்பவும் அந்த ரீவைண்டிங் கடை போட்டோ. பெரியவர்கிட்ட மரியாதையா எப்டி வேணாம்னு சொல்றது, எந்த அளவு கம்பி போடணும்னு எப்டி வெளக்குறது, அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். இது கம்ப்யூட்டர் பரீட்சைல வராது, ஆனா எங்க பசங்கள்ல பாதிப் பேரு கம்பெனிக்குப் போகாம ஊர்லயே வேல பாக்கப் போறவங்க, அவங்களுக்கு இதுதான் தெனமும் வர்ற பரீட்சை.

குறையும் இருக்கு. இத செய்ய எனக்கு மூணு ஞாயித்துக்கெழம போச்சு, பேப்பர்ல மரம் மாதிரி வரைஞ்சுக்காம நேரா கம்ப்யூட்டர்ல உக்காராதீங்க, மொத தடவ நான் அப்டி உக்காந்து ஒரு கெள சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வந்து பசங்க மாட்டிக்கிட்டாங்க. வெறும் ஃபைலா குடுக்குறதால யாரு எந்த வழில போனாங்கன்னு எனக்கு தானா வராது, நோட்டுல எழுதச் சொல்லி வாங்குறேன். ஸ்கோர் வைக்கிறதும் வைக்காததும் நம்ம இஷ்டம், நான் வைக்கல, எந்த முடிவுக்கு வந்தான்னு மட்டும் பாக்குறேன், மொத்தம் அஞ்சு முடிவு, எல்லாப் பசங்களும் அஞ்சையும் பாத்துட்டுத்தான் விடுறாங்க. தப்பான முடிவையும் பாக்கணும்னு அவங்களா திரும்பப் போறாங்க, அதுல எனக்கு சந்தோஷம்.

டுவைன்னு ஒண்ணும் இதே மாதிரி கெள கெளயா கத எழுதலாம், 2009லேருந்து இருக்கு, இலவசம், எழுத்து மட்டும் போதும்னா அது லூமிய விட வேகம், ஃபைலும் ரொம்ப சின்னது. சேஃப்டி பாடத்துக்கு அதுல ஒண்ணு செஞ்சிருக்கேன். வீடியோ, சத்தம் வேணும்னா லூமிதான் சுலபம்.

கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு கேட் சிமுன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், இலவசம், பல எலக்ட்ரிக்கல் வாத்தியாருங்க ஏற்கனவே வச்சிருப்பீங்க. அது கேம் இல்ல, ஆனா ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டார மொதல்ல ஸ்டார்ல கெளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்துறது) வரைஞ்சு ரன் குடுத்தா கான்டாக்டர் இழுக்குறது, டைமர் ஓடுறது எல்லாம் தெரியும். நான் அதுல இன்டர்லாக் கான்டாக்ட வேணும்னே எடுத்துட்டு வரைஞ்சு, அந்தப் படத்த லூமில போட்டு "இதுல எது இல்ல, தொட்டுக் காட்டு"ன்னு வச்சேன். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்துல இழுத்தா மூணு ஃபேஸும் நேரா ஷார்ட், அதத் தடுக்குற அந்தச் சின்ன என்.சி. கான்டாக்ட (சாதாரணமா மூடியே இருக்குறது, அதுதான் இன்டர்லாக்) கண்ணு தானா தேடிப் பழகணும். எலக்ட்ரானிக்ஸ் பாடத்துக்கு டிங்கர்கேட் நல்லாருக்கு, ரெசிஸ்டர் போடாம எல்.இ.டி. குடுத்தா வெடிக்கிற மாதிரி காட்டும், ஆனா அதுக்கு எப்பவும் நெட் வேணும், அதனால லேப்ல மட்டும், நெட் இருக்குற நாள்ல மட்டும்.

லூமி போடுறவங்களுக்கு கடைசியா ஒண்ணு, வீடியோவ போன்ல எடுத்தபடியே உள்ள போடாதீங்க, நான் மொதல்ல அப்டி போட்டு ஃபைலு ரொம்ப பெருசாயி ரெண்டு ஜிபி ராம் போன்ல தொறக்கவே இல்ல. 480 அளவுக்கு கொறச்சு, ஒவ்வொரு வீடியோவும் 15 செகண்டுக்குள்ள வெட்டி போடுங்க, போட்டோவையும் சின்னதாக்குங்க. சத்தம் மட்டும் நல்ல தரத்துல இருக்கட்டும், அந்த உறுமல் ஒழுங்கா கேக்கலன்னா மாந்தோப்பு கேம்ல ஒண்ணுமே இல்ல. இப்ப அதே தோப்புக்காரர் பேச்ச தெலுங்குலயும் கன்னடத்துலயும் ரெக்கார்டு பண்ணிக்கிட்டிருக்கோம், வேப்பனப்பள்ளிப் பசங்க ரெண்டு பேரு அவங்க தாத்தாவ பேச வச்சு அனுப்பியிருக்காங்க, தேன்கனிக்கோட்டைப் பையன் இந்த வாரம் ஊருக்குப் போயிட்டு வர்றப்ப கொண்டுவரேன்னு சொல்லியிருக்கான்.